எந்தக் ‘கொ’?

“தம்பி, இதில எந்தக் ‘கொ’வை அமத்திற?”

களுவாஞ்சிகுடி அரிசிக் கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா இன்று கேட்டார்.

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாவல்கள் (tab). ‘கொ…’, ‘கொ…’.

ஒன்று கொள்வனவு. மற்றது கொடுப்பனவு.

நான் எழுதிய மென்பொருள். திரைச் சாளரங்களை அமைக்க உதவும் கியூட் (Qt) என்ற நிரல்தொகுப்பில் ஒவ்வொரு தாவலுக்கும் 60 பிக்சல் என்று அகலத்தைப் பூட்டியிருந்தேன். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்களுக்கு அது போதும். தமிழில் சொல்லின் தலை மட்டும்தான் மிஞ்சியது.

அங்கேயே இருந்து அகலத்தை எடுத்துவிட்டு, எழுத்தின் இரு பக்கமும் 16 பிக்சல் இடம் கொடுத்தேன். இனிச் சொல்லின் நீளத்துக்கே தாவல் விரியும். மேலேயும் கொஞ்சம் விட்டேன், ‘கி’யின் விசிறியும் ‘க்’கின் புள்ளியும் வெட்டுப்படக்கூடாதே. தாவல்கள் கூடினால் சுருக்கவேண்டாம், ஓரத்து அம்புக்குறியால் நகர்த்தலாம்.

அக்கா இரண்டையும் வாய்விட்டு வாசித்தார். அப்புறம் ‘கொடுப்பனவு’ திறந்து, நெல் கொண்டுவந்தவருக்குக் காசு எண்ணத் தொடங்கினார்.