தண்ணீரூற்றுப் பள்ளிவாசல்

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் வற்றாப்பளை அம்மனையும் நந்திக்கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முள்ளியவளையை ஒட்டியிருக்கும் தண்ணீரூற்றில் இறங்கி நடக்கிறவர்கள் குறைவு. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோவில் உள்ள அதே ஊரில்தான் பள்ளிவாசலும் இருக்கிறது. இந்தமுறை அதற்காகவே போனேன்.

மாங்குளத்தில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நண்பகலுக்கான லுஹர் தொழுகை முடிந்திருந்தது. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "வாங்க தம்பி, முதல்ல பிளேன்ரீ குடியுங்க" என்றார். கட்டடத்தைப் பற்றிக் கேட்டேன். அவரோ ஆட்களைப் பற்றியே கதைத்தார். வயல் செய்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், கந்தூரி விருந்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் என்று அவர் கதையில் ஒவ்வொருவராக வந்தார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறிச்சோடின. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லவும் ஊரில் ஆளில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இதற்கு வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் தமிழர்களான நாங்கள் இன்றும் இந்தக் கதையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். எங்கள் இடப்பெயர்வுகளைச் சொல்லும் அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும். வன்னியின் வரலாற்றில் இது அடிக்குறிப்பு அல்ல.

அப்புறம் போர் இந்தப் பக்கம் வந்து, மிச்சமிருந்த தமிழர்களும் ஓடினார்கள். 2009க்குப் பிறகு அவர்கள் செட்டிகுளம் முகாம்களிலிருந்தும் முஸ்லிம்கள் புத்தளத்திலிருந்தும் திரும்பியபோது இருபக்கத்துக் காணிகளையும் காடு மூடியிருந்தது.

பெரியவர் என்னை இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குக் கூட்டிப்போனார். சில கபுறுகளில், அதாவது புதைகுழிகளில், அடையாளத்துக்கு நடும் மீஸான் கட்டை இருந்தது, பலவற்றில் இல்லை. ஒரு பாலை மரத்தின் அடியில் நின்று வேரைக் காலால் தொட்டுக் காட்டினார். "இந்தப் பாலையடியிலதான் வாப்பாவை அடக்கினது. காடு வெட்டேக்க இந்த மரத்தை மட்டும் வெட்டவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். இது இல்லாட்டி வாப்பா எங்கயெண்டு எனக்குத் தெரியாது." அந்த மரத்தைச் சுற்றி மட்டும் சருகு கூட்டித் துப்புரவாக இருந்தது.

திரும்பி வந்தவர்கள் எல்லாரும் தங்கிவிடவில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொழிலும் அங்கேதான். அன்று போன ஒரு குடும்பம் இன்று நாலு குடும்பம். காணி மட்டும் அதே அளவு. புதுக் காணிக்குக் காட்டை வெட்டப் போனால் அதற்கும் பிரச்சினை. இதில் தமிழ், முஸ்லிம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசினால்தான் வழி பிறக்கும் என்பது என் எண்ணம். பெரியவரும் அதைத்தான் சொன்னார்.

நீங்களும் போங்கள். வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு போவது நல்லது. தொழுகைக்கு வந்தவர்கள் நின்று ஆறுதலாகக் கதைப்பார்கள்.