"இதுல ஏதோ இருக்கு"

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன அறையில் கொலு பொம்மைகளைச் சரி செய்வதுதான் 19 வருஷமாக என் வேலை. ஒடிந்த விரலை ஒட்டுவேன், உதிர்ந்த வர்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவேன், கடைசியில் கண் எழுதுவேன். ஆடி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. கொலு முடிந்த மாதங்களில் வருகிறவர்கள் வேறு மாதிரி. செய்தித்தாளில் சுற்றிய பொம்மையை மேஜைமேல் வைத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதுல ஏதோ இருக்கு" என்பார்கள்.

அப்படி வந்தவர்தான் ஸ்ரீராமபுரத்துப் பெரியவர். மனைவி போய் மூன்று மாதம். பீரோ மேலிருக்கும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, ஜன்னல் சாத்தியிருந்தும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தானாக ஆடுகிறதாம். ஒரு நாள் இரவு நேரில் போனேன். அது ஆடத் தொடங்கியதும் சுவரில் கை வைத்தேன். மாடி வீட்டில் வாஷிங் மெஷின் சுற்றும் அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்த வகைப் பொம்மையில் தலையும் உடம்பும் கம்பி முனையில் சும்மா உட்கார்ந்திருக்கும், லேசான அசைவே போதும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்போ அவ இல்லையாம்மா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் பயந்து என்னைக் கூப்பிட்டதாக நினைத்தது என் தப்பு. அதிலிருந்து காரணம் சொல்வதற்கு முன்னால், "உங்களுக்கு என்னன்னு தோணுது?" என்று கேட்டுவிடுகிறேன்.

பயம் நிஜமாகவே பொம்மையில் இருக்கிற சமயமும் உண்டு. ஒரு வீட்டில் செட்டியார் பொம்மையைப் பார்த்தாலே குழந்தை அலறியது. யாரோ அதற்குத் தோல் நிறத்தில் பளபளா எனாமல் அடித்து, இமைக்குக்கூட ஒவ்வொரு மயிராக வரைந்திருந்தார்கள். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருக்கிறார்: உருவம் மனிதரைப்போல ஆக ஆகப் பிடித்துக்கொண்டே வரும், ஏறக்குறைய மனிதராகி, கொஞ்சம் பிசகும் இடத்தில் சட்டென்று கிலி பிடிக்கும். நான் அந்த எனாமலைச் சுரண்டிவிட்டு, பழைய மஞ்சளும் பெரிய பாதாம் கண்ணும் கொடுத்தேன். இப்போது அந்தக் குழந்தை அதன் கடைக்குப் பருப்பு வைத்து விளையாடுகிறது. நம் பழைய கைவினைஞர்கள் பொம்மையைப் பொம்மையாகவே விட்டதில் எவ்வளவு புத்தி இருந்திருக்கிறது!

எனக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான். பொம்மையில் ஆவி என்று சொல்லிக் கழிப்புக்குப் பணம் பிடுங்குகிறவர்கள். சாவு விழுந்த வீடாகப் பார்த்துப் போகிறார்கள். நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது, இவர்கள் எதற்கு? தெய்வத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து கூப்பிடுகிறோம், முடிந்ததும் வழியனுப்புகிறோம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வைத்த பிறகுதான் கொலுவைக் கலைக்கிறோம். வருவதற்கும் போவதற்கும் பெரியவர்கள் முறை வைத்துவிட்டார்கள். டோக்கியோ மெய்ஜி ஆலயத்திலும் பழைய பொம்மைகளுக்கு நன்றி சொல்லி விடைகொடுக்கும் சடங்கு நடக்கிறது. பொம்மைக்குள் உயிர் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வேண்டாத பொம்மையைக் குப்பையில் போட என் கை வராது. பயந்து வருகிறவர்களிடம், விளக்கேற்றிப் படுக்கவைத்து, நன்றி சொல்லி எடுத்துவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் மரப்பாச்சி ஜோடியைக் கொண்டுவந்தாள். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த செம்மரப் பொம்மைகள். அம்மா போன பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று சத்தம் கேட்டதாம். ஆண் பொம்மையின் தோளில் புதிதாக ஒரு வெடிப்பு இருந்தது. மரம் காய்ந்து வெடிக்கும்போது அப்படிச் சத்தம் வரும். அதைச் சொல்லவில்லை. "உனக்கு என்னம்மா தோணுது?" என்றேன்.

"வருஷா வருஷம் அம்மாதான் இதுக்குப் புடவை கட்டிவிடுவாங்க. இந்த வருஷம் யாரும் கட்டலை."

வெடிப்பை அடைத்துக் கொடுத்த பிறகு அவளே ஒரு பட்டுத் துண்டை எடுத்துக் கட்ட உட்கார்ந்தாள். பழைய துணியின் இடுப்பில் துருப்பிடித்த ஊக்கு ஒன்று இருந்தது. புதிய ஊக்கை நீட்டினேன்.

"வேண்டாங்கா, அம்மா குத்தினதே இருக்கட்டும்."

துருவைத் துடைத்து, லேசாக எண்ணெய் தொட்டு, அதையே அவளிடம் கொடுத்தேன்.