கமா மட்டும் போதாது: ஆங்கிலத்தில் ரன்-ஆன் வாக்கியங்கள்

ஆங்கிலத்தில் வாக்கியம் நீண்டுவிட்டால் அது ரன்-ஆன் என்று பலர் நினைக்கிறார்கள். நீளத்துக்கும் இந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. நூறு சொற்களில் ஒரு வாக்கியம் பிழையில்லாமல் நிற்கும்; ‘இட் ரெய்ன்ட் வீ லெஃப்ட்’ என்ற நாலே சொற்கள் ரன்-ஆன் ஆகிவிடும். தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் சரியான இணைப்பு இல்லாமல் ஒன்றாக ஓடினால், அதுதான் ரன்-ஆன்.

இதில் இரண்டு வகை உண்டு. நடுவில் எந்தக் குறியும் இல்லாமல் ஓடுவது ஒன்று. மேலே சொன்ன நாலு சொல் அந்த வகை. நடுவில் வெறும் கமா போட்டு ஒட்டுவது இன்னொன்று: ‘இட் ரெய்ன்ட், வீ லெஃப்ட்.’ இதற்கு கமா ஸ்ப்லைஸ் என்று பெயர். முதல் வகையில் படிப்பவர் உடனே தடுக்கிவிடுவார், எழுதியவரும் மறுபடி படித்தால் கண்டுகொள்வார். இரண்டாவது அப்படியில்லை. கமா இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நம்மவர்கள் எழுதும் மின்னஞ்சல்களிலும் தேர்வுக் கட்டுரைகளிலும் அதிகம் தென்படுவது இதுதான். அதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல, தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் காரணம்.

‘காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து அலுவலகம் போனேன்’ என்று எழுதுகிறோம். ஐந்து செயல்கள் இருந்தாலும் வினைமுற்று ஒன்றே ஒன்று: போனேன். மற்ற நான்கும் வினையெச்சங்கள். ‘எழுந்து’ என்றாலே அடுத்து ஏதோ வரப்போகிறது என்பது தெரிந்துவிடும். இணைப்பு வினைக்குள்ளேயே இருப்பதால் கமா போட்டாலும் விட்டாலும் வாக்கியம் குலையாது. இதையே ஆங்கிலத்தில் ‘ஐ வோக் அப், ஐ டுக் எ பாத், ஐ ஏட், ஐ காட் தி பஸ்’ என்று எழுதினால் ஒவ்வொரு வினையும் முற்றாகிவிடுகிறது. எச்சம் செய்த வேலையை ஆங்கிலத்தில் வெளியே இருந்து ஒரு சொல்லோ குறியோ செய்ய வேண்டும். கமாவுக்கு மட்டும் அந்த பலம் கிடையாது.

எழுவாய் ஒன்றேயாக இருந்தால் தீர்வு எளிது. திரும்பத் திரும்ப வரும் ‘ஐ’யை எடுத்துவிட்டு, கடைசி வினைக்கு முன்னால் ‘அண்ட்’ போட வேண்டும்: ‘ஐ வோக் அப், டுக் எ பாத், ஏட், அண்ட் காட் தி பஸ்.’ இப்போது ஓர் எழுவாய், நான்கு வினைகள், ஒரே வாக்கியம். தமிழ்ப் போக்குக்கு மிக அருகில் வரும் ஆங்கில வடிவம் இது என்பதால் நம்மவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். வாக்கியத்தில் காலம் காட்டும் முழு வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘டு’ சேர்ந்து வரும் வினையையும், தனியாக நிற்கும் ‘இங்’ வடிவத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எது என்று பாருங்கள். தனித்தனி எழுவாயும் வினையும் கொண்ட ஜோடிகள் இரண்டு இருந்தால், நடுவில் என்ன இணைப்பு இருக்கிறது என்று தேட வேண்டும். ஏவல் வாக்கியத்தில் ‘யூ’ என்ற எழுவாய் மறைந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அலுவலக மின்னஞ்சலில் இப்படி வரும்: ‘ஐ ஹேவ் அட்டாச்ட் தி இன்வாய்ஸ், ப்ளீஸ் செக் இட், தி அமவுன்ட் இஸ் டிஃபரன்ட்.’ இதில் இருப்பவை மூன்று முழு வாக்கியங்கள். ‘ஐ ஹேவ் அட்டாச்ட் தி இன்வாய்ஸ். ப்ளீஸ் செக் இட் பிகாஸ் தி அமவுன்ட் இஸ் டிஃபரன்ட்’ என்றால் சரி.

இலக்கணப் பெயர்கள் குழப்பினால் காதுக்குப் பழகிய ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ‘டிடன்ட் இட்?’, ‘டிடன்ட் வீ?’ போன்ற வால் கேள்வியை ஒட்டிப் பாருங்கள். ‘தி சர்வர் வென்ட் டவுன், வீ லாஸ்ட் தி டேட்டா’ என்பதில் முதல் துண்டு ‘டிடன்ட் இட்?’டை ஏற்கும், இரண்டாவது ‘டிடன்ட் வீ?’யை ஏற்கும். இரண்டும் ஏற்பதால் வெறும் கமா தவறு. ‘வென் தி சர்வர் வென்ட் டவுன், வீ லாஸ்ட் தி டேட்டா’ என்று மாற்றினால் முதல் துண்டில் வால் ஒட்டாது. அங்கே கமா சரி.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் ‘ஹவ்எவர்’. ‘தி பிளான் வாஸ் குட், ஹவ்எவர், இட் ஃபெயில்ட்’ என்பது அச்சிலேயே வந்துவிடுகிற பிழை. பொருள் ‘பட்’ போலவே இருப்பதால் அதுவும் இணைப்புச் சொல் என்று நம்பிவிடுகிறோம். அது வினையடை. நகர்த்திப் பார்த்தால் தெரியும்: ‘இட், ஹவ்எவர், ஃபெயில்ட்’ என்று உள்ளே தள்ளலாம், ‘இட் ஃபெயில்ட், ஹவ்எவர்’ என்று கடைசிக்கும் கொண்டுபோகலாம். ‘பட்’டை அப்படி நகர்த்த முடியாது. நகரும் சொல்லுக்கு வாக்கியங்களைப் பிணைக்கும் பலம் இல்லை. ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’, ‘அதர்வைஸ்’, ‘தென்’ எல்லாம் இந்தக் கூட்டம்தான். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் இவை வந்தால், முன்னால் ஃபுல் ஸ்டாப் அல்லது செமிகோலன் வேண்டும். இதில் ‘தென்’ சின்னச் சொல்லாக இருப்பதால் அதிகம் ஏமாற்றும். செய்முறைக் குறிப்பு எழுதுகிறவர்கள் அதை ‘அண்ட் தென்’ என்று மாற்றினாலே பாதிப் பிழை போய்விடும்.

கமாவோடு சேர்ந்து இரண்டு முழு வாக்கியங்களை இணைக்க உரிமையுள்ளவை ஏழு சின்னச் சொற்கள்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ.

திருத்துவது என்றாலே ஃபுல் ஸ்டாப் வைப்பது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பிழை போகும், ஆனால் பொருளின் உறவும் போய்விடும். ‘தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட், வீ வென்ட் ஹோம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஸ்டாப் வைத்தால் இரண்டு தனிச் செய்திகள். காரணத்தைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். செமிகோலன் வைத்தால் இரண்டும் தொடர்புள்ளவை என்று காட்டலாம், ஆனால் என்ன தொடர்பு என்று சொல்லாது. ‘க்ளோஸ்ட், சோ வீ வென்ட்’ என்றால் விளைவு முன்னுக்கு வருகிறது. ‘பிகாஸ் தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட், வீ வென்ட் ஹோம்’ என்றால் வீட்டுக்குப் போனதே முதன்மைச் செய்தி, கடை மூடியிருந்தது பின்னணி. எதைச் சொல்ல வந்தோம் என்று முடிவுசெய்த பிறகே இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரன்-ஆன் பெரும்பாலும் அந்த முடிவை எடுக்காமல் விட்டதன் அடையாளம் என்பது என் உறுதியான கருத்து.

திருத்தப்போய் வேறு பிழையில் விழுவதும் நடக்கிறது. ‘ஆஸ் ஐ வாஸ் சிக், சோ ஐ குட் நாட் கம்’, ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ வென்ட்’ என்று இரண்டு பக்கமும் இணைப்புப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போட்டால் போதும். ‘பிகாஸ் தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட்’ என்பதை மட்டும் வெட்டி ஃபுல் ஸ்டாப் வைத்தால் அது அரைகுறை வாக்கியம். ‘இங்’ வடிவத்தில் இன்னும் நுட்பமான சிக்கல் இருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று தமிழில் எழுதலாம். பெய்தது மழை, நிறைந்தது குளம், எச்சம் இரண்டு எழுவாயையும் தாங்கிக்கொள்கிறது. ‘ரெய்னிங் ஹெவிலி, தி டேங்க் ஃபில்ட்’ என்று எழுதினால் குளமே மழை பெய்ததாக ஆகிவிடும். ‘இங்’ கொண்டு தொடங்கும் துண்டுக்கும் முதன்மை வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றாக இருந்தால் மட்டும் அந்த வடிவத்தை எடுங்கள்.

விலக்குகளும் உண்டு. சீசர் சொன்னதாக வழங்கும் ‘ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்’ போல, ஒரே வார்ப்பில் வரும் குட்டித் துண்டுகளுக்கு வெறும் கமா ஏற்கப்படுகிறது. ‘தி மோர் யூ ரீட், தி பெட்டர் யூ ரைட்’ ரன்-ஆன் அல்ல. கதை எழுதுபவர்கள் வேண்டுமென்றே கமாவால் ஒட்டுவார்கள். தேர்வில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில், எழுத்துப் பகுதியின் இரண்டாவது பணிக்குக் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும், அதற்குப் பரிந்துரைக்கப்படும் நேரம் 40 நிமிடம். மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கண வளத்துக்கும் துல்லியத்துக்கும் போகிறது. அந்த 40 நிமிடத்தில் கடைசி நாலைந்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கமாவிலும் நின்று இடப்பக்கத்தைத் தனியாகவும் வலப்பக்கத்தைத் தனியாகவும் படியுங்கள். இரண்டும் தனித்து நின்று, வலப்பக்கம் அந்த ஏழு சொற்களில் ஒன்றோடு தொடங்காவிட்டால் அங்கே திருத்தம் தேவை. கமாவே இல்லாமல் ஓடியவை இந்தச் சல்லடையில் சிக்காது. அவற்றுக்கு, வாக்கியத்தின் நடுவில் வரும் ‘ஐ’, ‘இட்’, ‘திஸ்’, ‘தே’, ‘தென்’ ஆகியவற்றைத் தேடுங்கள். புதிய வாக்கியம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.