அந்தச் சம்பளச் சிட்டை

சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த ஐயா, மேசையிலிருந்த கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கள் போட்டதோ பிள்ளை?"

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். திரையில் இருந்தது 2019 ஒக்டோபரில் நான் முகநூலில் போட்ட பதிவு. அப்போது வேலை செய்த இடத்தில் இரண்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை. அம்மாவின் மருந்துக்குக் கடன் கேட்டு அலைந்துவிட்டு வந்த ஒரு இரவில், பழைய சம்பளச் சிட்டையைப் படம் பிடித்து, நாலு வரி திட்டி எழுதி, எல்லாரும் பார்க்கும்படி போட்டேன். எங்கள் வட்ஸ்அப் குழுவில், கூட வேலை செய்த ஓர் அக்கா எழுதியதையும் ஸ்கிரீன்சொட் எடுத்துக் கூடவே சேர்த்தேன்.

"ஓம் ஐயா, நான்தான்."

"நாளைக்கு எங்கட கணக்கும் இப்பிடி வெளியில வந்தால்?"

எனக்குப் பதில் வரவில்லை. சம்பளம் தராதது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கணக்கு வேலைக்கு வந்த ஒருத்தியிடம் அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. முதலாளியை அம்பலப்படுத்துகிறேன் என்று நினைத்து என்னையே அல்லவா விரித்து வைத்திருந்தேன்! முழுப் பெயர், வங்கிக் கணக்கு இலக்கம், ஊழியரின் ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதியின் (ஈபிஎஃப்) அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் அடையாள அட்டை இலக்கம் சும்மா ஒரு தொடர் இலக்கம் அல்ல. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும், மற்றபடி அதே முறைதான். இதைத் தெரிந்த ஒருவருக்கு என் பிறந்த நாளைக் கேட்கவே தேவையில்லை.

முதலில் பதிவை அழித்தேன். அழித்தவுடன் போய்விடும் என்று நினைக்கவேண்டாம், குப்பைக்குள் 30 நாள் கிடக்கும். உள்ளே போய் இன்னொரு தடவை அழித்தால்தான் உடனே போகும். பிறகு முகநூல் அமைப்புகளில், பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரேயடியாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தினேன். என் பதிவை அப்படியே பகிர்ந்தவர்களின் பக்கத்தில் இப்போது படம் தெரியவில்லை. ஆனால் வேறொரு முகநூல் பக்கம் படத்தை இறக்கித் தன்னுடையதாகவே மறுபடி போட்டிருந்தது. அதற்கு என் கை எட்டாது. நடத்துபவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. முகநூலுக்கு முறைப்பாடு செய்ததற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது கூகுள்தான். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவை வெளியில் கிடந்தால் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்க ஒரு படிவம் இருக்கிறது. பக்கத்தின் இணைப்பு, படத்தின் இணைப்பு, எந்த இலக்கம் என்னுடையது என்று காட்டும் ஒரு ஸ்கிரீன்சொட், இவ்வளவும் வேண்டும். முதல் தடவை படத்தின் இணைப்பை விட்டுவிட்டேன், திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. பிறகு எடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அந்தப் பக்கத்தில் படம் இன்னமும் இருக்கிறது. என் பெயரைத் தேடுகிறவருக்கு அது முன்னால் வந்து நிற்காது, அவ்வளவுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகே அந்த அக்காவுக்கு அழைத்தேன். முதலிலேயே அழைத்திருக்க வேண்டும்.

"அதைக் காட்டித்தானடி என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை. அடுத்த மாசமே வேற இடத்துக்கு மாத்திப்போட்டினம்" என்றார். இத்தனை வருடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனில் அழுதேன். "விடு, அழாத. என்ர ஈபிஎஃப் காசும் ஒழுங்காக் கட்டுப்படேல்லைப் போல, அதைத்தான் யோசிக்கிறன்" என்றார்.

அடுத்த நேர்முகப் பரீட்சை கொக்குவில் பக்கம். இந்தத் தடவை நானே முந்திக்கொண்டேன். "மிஸ், என்ர பேரைத் தேடினால் ஒரு பழைய பதிவின்ர கதை வரலாம்" என்று தொடங்கி, போட்டது, அழித்தது, அந்த அக்காவுக்கு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப ஏன் தொழில் திணைக்களத்துக்குப் போகேல்லை?"

"போகலாம் எண்டே தெரியாது மிஸ்."

இரண்டு கிழமையில் நியமனக் கடிதம் வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஊழியரிடம் 8 வீதம் கழித்து, முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் சேர்த்து, மாதாமாதம் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். என் சிட்டையில் அந்த 8 வீதம் கழிக்கப்பட்டிருந்தது. கட்டினார்களா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன மாதம் லீவு போட்டுவிட்டு, அக்காவோடு தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி, "கழிச்சதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?" என்று கேட்டார். பைலைத் திறந்து, அந்தச் சம்பளச் சிட்டையின் மூலப் பிரதியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.