பூத்ததா, பூக்கவில்லையா? ஷெர்ரித் தாளை இரண்டாம் தடவை எழுதிய கதை

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் டிப்ளமோவில் வலுவேற்றிய ஒயின்களுக்கென்று, அதாவது சாராயம் கலந்து வீரியம் கூட்டியவற்றுக்கென்று, தனித் தாள் உண்டு. போர்ட், மதேரா இரண்டையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். என்னைக் கவிழ்த்தது ஸ்பெயினின் ஷெர்ரி. முதல் தடவை ஃபெயில்.

தப்பு என் படிப்பில்தான். ஃபீனோ, மன்சனீயா, அமொன்டியாடோ, ஒலொரோசோ என்று ஷெர்ரி வகைகளுக்குக் கட்டம் போட்டு நிறம், மணம், ஆல்கஹால் சதவீதம் எல்லாவற்றையும் உருப்போட்டிருந்தேன். தாளில் ‘ஏன்’ என்று கேட்டதும் பேனா ஓடவில்லை.

அடுத்த முறை கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே கேள்வியில் ஆரம்பித்தேன்: பீப்பாய்க்குள் பூத்ததா, இல்லையா?

ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படர்ந்தால் ‘பூத்துப் போச்சு’ என்று தூக்கிப் போடுவோம் அல்லவா? ஷெர்ரி தயாராகும் ஹெரெஸ் ஊரிலும் ஒயின் மேல் படரும் ஈஸ்ட் ஆடைக்கு ‘ஃப்ளோர்’, அதாவது பூ என்றே பெயர். ஆனால் அங்கே அதைப் பிள்ளை போல வளர்க்கிறார்கள். 600 லிட்டர் பீப்பாயில் சுமார் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள். மேலே காற்று இருந்தால்தான் அது பிழைக்கும்.

பலோமினோ திராட்சையின் ஒயின் 11, 12 சதவீதத்தில் வருகிறது. திராட்சைச் சாராயம் கலந்து 15க்கு ஏற்றினால் பூ வாழும், 17க்கு ஏற்றினால் செத்துவிடும். இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். பூ மூடியிருந்தால் ஒயினைக் காற்று தொடாது, ஆகவே வெளிர் நிறம். ஒயினுக்கு வழவழப்பு தரும் கிளிசராலைப் பூவே தின்றுவிடுகிறது, ஆகவே வாயில் மெலிவு. அது அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளை உண்டாக்குகிறது, ஆகவே வெட்டி வைத்த ஆப்பிளின் வாசம். இதுதான் ஃபீனோ. பூவே இல்லாமல் வளர்ந்தால் காற்று பட்டுப் பழுப்பேறும், வால்நட் மணக்கும், வாய் நிறையும். அது ஒலொரோசோ. கொஞ்ச காலம் பூத்து, பிறகு பூ போய்க் காற்றில் முதிர்ந்தது அமொன்டியாடோ. மன்சனீயா கடலோர சான்லூகரில் முதிரும் ஃபீனோ மாதிரிதான். அந்த ஈரக்காற்றில் பூ நன்றாகத் தழைக்கும்.

பீப்பாய் வரிசைகளில் பழையதோடு புதியதைக் கலந்து முதிர வைக்கும் முறைதான் சொலேரா. அதற்குப் படம் வரைந்து குழம்ப வேண்டாம். தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதேதான்: பழையது கொஞ்சம் எப்போதும் உள்ளே இருக்கும். கீழ் வரிசைப் பீப்பாயிலிருந்து ஒரு பங்கு மட்டும் எடுத்து பாட்டிலில் அடைக்கிறார்கள். அந்தக் குறையை மேல் வரிசையான கிரியாதெராவிலிருந்து நிரப்புகிறார்கள், அதன் குறையை அதற்கும் மேலிருந்து. ‘வருடா வருடம் ஒரே சுவை வர’ என்று எல்லோரும் எழுதுவார்கள். புது ஒயின்தான் பூவுக்குத் தீனி, அது வராவிட்டால் பூ பட்டினியில் சாகும் என்பதையும் சேருங்கள். முதல் தடவை நான் விட்டது அந்த வரியை.

பெயர் சொல்லாமல் தரும் ஒயினை ருசித்துக் கண்டுபிடிக்கும் பகுதிக்கு வருகிறேன். அப்போது வேலை பார்த்த ஓட்டல் பாரில் ஒரு ஃபீனோ பாட்டில் எப்போதோ திறந்து, அலமாரியில் சும்மா கிடந்தது. ஓசியில் கிடைக்கிறதே என்று அதிலேயே பயிற்சி எடுத்தேன். பழுப்பு நிறம், சப்பென்ற ருசி. ஃபீனோ இப்படித்தான் போல என்று மனதில் பதிந்துவிட்டது. பரீட்சையில் பளிச்சென்று, பச்சை பாதாமும் உப்பும் கலந்த மாதிரி ஒன்று வந்ததும் ‘இனிப்பில்லாத வெள்ளை போர்ட்’ என்று துணிந்து எழுதினேன்! ஃபீனோவை அரை பாட்டிலாக வாங்குங்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள், திறந்த ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். பங்கு போட நண்பர்கள் இருந்தால் செலவும் குறையும்.

இன்னொரு கண்ணி ஒலொரோசோவில் இருக்கிறது. மணத்தில் கேரமல், நிறத்தில் கருப்பட்டி. மூக்கை நம்பி ‘இனிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள், நாக்கில் வைத்தால் சர்க்கரையே இருக்காது. நிஜமான இனிப்பு பெத்ரோ ஹிமேனெஸ் என்ற ஷெர்ரி வகை. திராட்சையை வெயிலில் பாயில் பரப்பிக் காயவைத்துப் பிழிவது. லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரையைத் தாண்டும் பாட்டில்கள் உண்டு, கிளாஸைச் சாய்த்தால் பாகு மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பயிற்சியில் அதைக் கடைசியில் வையுங்கள். நான் ஒருமுறை அதில் ஆரம்பித்து, பின்னால் வந்த மூன்று கிளாஸுக்கும் ‘புளிப்பு அதிகம்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன்.