அம்பியூலை உடைத்தபின் மருந்தோடு சேர்ந்து வருவது

மட்டக்களப்பில் தாதியாகக் கடமையாற்றும் என்னிடம், விடுதிப் பயிற்சிக்கு வரும் மாணவிகள் பலர் கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, மூடி முத்திரையிட்டு வந்த மருந்தை எதற்கு மறுபடி வடிகட்ட வேண்டும்?" மருந்து சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால், அது அடைக்கப்பட்டிருக்கும் சிறு கண்ணாடிக் குப்பியான அம்பியூலின் கழுத்தை நாம் உடைக்கும்போதே நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதனுள் விழுந்துவிடுகின்றன. ஏறக்குறைய 50 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை கண்ணுக்குத் தெரியா. நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களோ 5 முதல் 10 மைக்ரோமீற்றர் அகலமே உடையவை. நாளத்தில் ஏற்றப்படும் துகள் இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளலாம். ஒரேயொரு ஊசியால் பெரும்பாலானோருக்குத் தீங்கு தெரிய வராது. எனினும், நீண்ட நாட்கள் நாளவழி மருந்து பெறுவோர், குறைமாதக் குழந்தைகள், முள்ளந்தண்டு வழியே மருந்து பெறுவோர் ஆகியோரின் விடயத்தில் இதைச் சிறு விடயமென்று ஒதுக்க என் மனம் இடந்தருவதில்லை.

வடிகட்டி ஊசி என்பது, சிரிஞ்சோடு பொருந்தும் அடிப்பகுதிக்குள், பொதுவாக 5 மைக்ரோமீற்றர் துளைகளுள்ள மென்தகடு வைக்கப்பட்ட ஊசியே. அந்த ஊசியால் மருந்தை இழுத்தபின் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய ஊசியைப் பொருத்தியே நோயாளிக்கு ஏற்றவேண்டும். இந்த ஒரு படியை நான் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. ஏனெனில், அதே ஊசியால் ஏற்றினால், இழுக்கும்போது தகட்டில் தங்கிய துகள்கள் எதிர்த்திசை அழுத்தத்தால் பெயர்ந்து மருந்தோடு உடலுக்குள் போய்விடும். அப்போது வடிகட்டியதன் பயன் முழுவதும் இல்லாமற்போகும்.

இந்த ஊசி கிருமிகளைத் தடுப்பதில்லை. பற்றீரியாக்கள் பல 1 மைக்ரோமீற்றர் அளவிலேயே இருப்பதால், அவற்றைத் தடுக்க 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டி தேவை. ஆகவே அம்பியூலின் கழுத்தை 70% அற்ககோலால் துடைப்பதை ஒருபோதும் விடக்கூடாது. எல்லா மருந்தையும் வடிகட்டவும் முடியாது: வாதக்காய்ச்சலுக்குத் தசையில் போடும் பென்சத்தீன் பென்சிலின் போன்ற, மருந்துத் துணிக்கைகள் கரையாமல் மிதக்கும் தொங்கல் நிலை மருந்துகளை வடிகட்டினால், மருந்தே தகட்டில் தங்கி, நோயாளிக்குக் கிடைக்கும் அளவு குறைந்துவிடும். பால்போன்ற குழம்பு மருந்துகளுக்கு, தயாரிப்பாளர் தரும் அறிவுறுத்தலைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வடிகட்டி ஊசிகள் போதாதபோது, இருப்பவற்றைக் குழந்தைகளுக்கும் முள்ளந்தண்டு மருந்துக்கும் முதலில் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு, அம்பியூலை உடைத்தபின் துகள்கள் அடியில் படியச் சற்றுப் பொறுத்து, அகன்ற ஊசிக்குப் பதிலாக மெல்லிய ஊசியால், அதன் முனை அடியைத் தொடாதவாறு மருந்தை மெதுவாக இழுக்கவேண்டும். உள்ளே வரும் கண்ணாடி இதனாலும் குறையும். தேவையான அளவு கிடைத்துவிட்டால், அடியில் எஞ்சும் துளிக்காக அம்பியூலைக் கவிழ்த்து உறிஞ்ச வேண்டாம்; படிந்த துகள்கள் அந்தத் துளியில்தான் இருக்கின்றன.