வரவேற்பு மேசையிலிருந்து கணக்குத் தாளுக்கு

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு என்னை ஷிப்ட் மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். விருந்தினரைப் பெயர் சொல்லி வரவேற்பது, சில நிமிடங்களில் செக்-இன் முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பது, கோபத்தோடு வருகிறவரை உட்காரவைத்துப் பேசுவது ஆகியவற்றில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பதவி வந்ததும் அந்தப் பெயரால்தான். முதல் மாதத்தில் நான் செய்த தவறுக்கும் அதுவே காரணமாயிற்று. கூட்டம் சேர்ந்த போதெல்லாம் எனக்குக் கீழே இருந்தவர்களை நகரச் சொல்லிவிட்டு நானே கணினியின் முன்னால் நின்றுகொண்டேன். வேலை விரைவாக முடிந்தது, ஆனால் அவர்கள் எதையும் கற்கவில்லை. நான் விடுப்பு எடுத்த நாளில் மேசை தடுமாறியது. "எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டால் நாங்கள் எதற்கு சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த மாதம் வேறு ஹோட்டலில் சேர்ந்துவிட்டான்.

எங்கள் தொழிலில் இது புதிய கதை அன்று. நன்றாகப் பரிமாறுகிற ஸ்டீவார்டு, பரிமாறுவோரை மேற்பார்க்கும் கேப்டன் ஆகிறார். அறையைப் பளிச்சென்று வைத்திருப்பவர் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வைக்கு வருகிறார். கைத்திறமைக்காகக் கிடைக்கும் பதவியில், தன் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர் கைகளை வேலை செய்ய வைக்க வேண்டியிருக்கிறது. கேட்டரிங் கல்லூரிகளில் சமையல், பரிமாறல், வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங் என்ற நான்கையும் கற்றுக்கொண்டு வருகிறோம். மேலாண்மைப் பாடமும் உண்டுதான், ஆனால் நடத்திச் செல்ல ஆட்களே இல்லாத இருபது வயதில் அது தேர்வுக்கான பாடமாகவே நின்றுவிடுகிறது.

அடுத்த ஆண்டு என்னை ஆறு மாத மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அரை மனதோடுதான் போனேன். அனுபவம் கற்றுத் தராத எதை ஒரு வகுப்பறை கற்றுத் தந்துவிடும் என்று கேட்பவர்கள் எங்கள் தொழிலில் அதிகம். அவர்கள் சான்றாகக் காட்டுவது ஓபராய் ஹோட்டல்களை நிறுவிய எம். எஸ். ஓபராயை. 1922இல் சிம்லாவின் செசில் ஹோட்டலில் எழுத்தராகச் சேர்ந்தவர், 1934இல் கிளார்க்ஸ் ஹோட்டலுக்கு உரிமையாளர் ஆனார். எந்தக் கேட்டரிங் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் அதே மனிதரின் நிறுவனம்தான் 1966இல் ஹோட்டல் மேலாளர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது என்பதை அவர்கள் சொல்வதில்லை. தாம் பல ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்தவரும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை போலும்.

பயிற்சியில் என்னை முதலில் உலுக்கியது கணக்கு. அதுவரை ஹோட்டல் நிரம்பியிருந்தால் நாள் நல்ல நாள் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். வகுப்பில் நூறு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலை எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக 4,000 ரூபாய் வாடகைக்கு 90 அறைகள் போனால் வருவாய் 3,60,000 ரூபாய். 5,500 ரூபாய்க்கு 70 அறைகள் மட்டும் போனால் 3,85,000 ரூபாய். அறை வாடகையாக வந்த மொத்த வருவாயை, விற்ற அறைகளால் அல்லாமல் இருக்கிற எல்லா அறைகளாலும் வகுத்துப் பார்ப்பதைத்தான் ரெவ்பார் என்கிறோம். முதல் நாளில் அது 3,600, இரண்டாம் நாளில் 3,850. இதோடு முடிவதில்லை. ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவர் ஒரு ஷிப்டில் பதினான்கு, பதினைந்து அறைகளைத் தயார் செய்வார் என்று வைத்துக்கொண்டால், குறைந்த அந்த இருபது அறைகள் ஓர் ஆளுக்கு மேற்பட்ட உழைப்பையும், இருபது அறைகளின் சலவையையும், காலை உணவுச் செலவையும் மிச்சப்படுத்துகின்றன. நிரம்பி வழிந்த நாளில் எல்லாரையும் ஓட ஓட விரட்டி, குறைவாகச் சம்பாதித்திருக்கிறோம். ஐந்து ஆண்டுகள் நான் தினமும் விற்ற பொருளின் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருந்தது.

லாப நட்டக் கணக்கை வாசிக்கக் கற்றதை இன்னும் பெரிய லாபமாகக் கருதுகிறேன். ஹோட்டல்களுக்கென ஒரே மாதிரியான கணக்கு முறை ஒன்று 1926இல் நியூயார்க்கில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. பல பதிப்புகளைக் கண்டு இன்றும் அதுவே உலகெங்கும் பெரிய ஹோட்டல்களில் புழங்குகிறது. அறைகள், உணவும் பானமும் என்று ஒவ்வொரு பிரிவின் வருவாயையும் செலவையும் தனித்தனியாகக் காட்டி, அவற்றுக்குப் பிறகே மின்சாரம், பராமரிப்பு, விற்பனை போன்ற பொதுச் செலவுகளைக் கழிக்கும் அந்தத் தாளைச் சென்னையில் வாசிக்கத் தெரிந்தவர் துபாயிலும் சிங்கப்பூரிலும் வாசித்துவிடலாம். ஊர் விட்டு ஊர் போய்த்தான் பதவி உயர முடியும் என்கிற எங்கள் தொழிலில் இது சிறிய விஷயம் அன்று. உதவி மேலாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் புன்னகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை; ஒரு மாதத்தின் கணக்குத் தாளை நீட்டி, அறைப் பிரிவின் லாபம் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். இணையத் தளங்கள் வழியாக வந்த முன்பதிவுகள் கூடியதால் கமிஷன் செலவு ஏறியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அந்த ஒரு பதில்தான் வேலையைப் பெற்றுத் தந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆட்களை நடத்துவது பற்றிய வகுப்புகளில் பாதி எனக்குச் சலிப்பூட்டின. வண்ணப் படங்களும் குழு விளையாட்டுகளுமாகக் கழிந்த அந்த நாட்களில் பயன்பட்டவை மிகச் சில: ஒருவரின் தவறை மற்றவர் முன்னால் பேசாதிருப்பது, இரவு ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலை ஷிப்டில் போடாமல் ரோஸ்டர் என்கிற பணிநேரப் பட்டியலை எழுதுவது. ஆனால் ஒரு நாள் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களின் நடைமுறை ஒன்றைப் பேசினோம். விருந்தினரின் குறையைத் தீர்க்க அங்கே எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமலே ஒரு விருந்தினருக்கு 2,000 டாலர் வரை செலவிடலாம். எங்கள் மேசையில் 200 ரூபாய் சலவைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய மூன்று கையெழுத்துகள் வேண்டியிருந்தன. அதற்குள் விருந்தினர் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார், கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு.

பயிற்சி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என்னோடு பயின்றவர்களில் ஒருவர் எம்.பி.ஏ. முடித்து நேராக வந்தவர். கணக்கில் எங்கள் எல்லாரையும் விஞ்சினார், ஆனால் திருமண மண்டபத்தில் எண்ணூறு பேருக்கான பந்தி தாமதமான இரவில் எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே, கேட்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது, இரண்டு மூன்று ஆண்டுகளாவது தளத்தில் நின்றுவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள் என்பதுதான். அப்போதுதான் வகுப்பில் சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் நினைவில் ஒரு முகமோ ஒரு சண்டையோ எழும். பயிற்சியில் எல்லாப் பிரிவுகளிலும் சில வாரங்கள் வேலை செய்ய விடுவார்களா, உண்மையான கணக்குத் தாள்களைக் கையில் கொடுப்பார்களா என்று சேர்வதற்கு முன்னால் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அங்கே கிடைப்பது சான்றிதழ் மட்டுமே.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவர் யாராயினும், 1,500 ரூபாய் வரை தாமே முடிவெடுத்துத் தள்ளுபடி செய்யலாம். காரணத்தை லாக் புக்கில் இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். இதற்கு ஒப்புதல் வாங்க நான் எட்டு மாதங்களின் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் வந்ததும் காபியோடு முதலில் வாசிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான். நேற்று இரவு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று நேரம் கடந்து அறையைக் காலி செய்த குடும்பத்திடம் அரை நாள் வாடகை வாங்கவில்லை என்று புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியிருந்தார். வாடகை, வரம்பை நூறு ரூபாய் தாண்டியிருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.